உப்பு போடாத நண்டு

1

இந்தக் கதை கனிமொழி கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. அவள் புருஷன் ஞானசேகரன் என் நண்பன். அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது வாசலில் வந்து கேட்டாள்: "அண்ணே, அன்னிக்கி நண்டுல உப்பு போட்டீங்களா?"

"போடலம்மா" என்றேன். அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக நிம்மதி கெட்டுக் கிடக்கிறேன்.

நேராகச் சொல்லத் துப்பில்லாதவன் கதை எழுதுகிறான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. அதனால் எனக்கு அய்யனார் என்று பெயர் வைக்கிறேன். இனி பழி அவனுக்கு.

2

'கிள்ளைக் கழிமுகத்தின் மீது பொன்னிறக் கதிர்கள்...'

(வேண்டாம். அன்றைக்கு வானம் மூடிக் கிடந்தது.)

2010 மாசி. மஞ்சக்குப்பத்தில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த மூன்று பேர், வருடா வருடம் போலக் கிள்ளையில் படகு பிடித்து, கடலோர மணல்திட்டில் கூடாரம் போட்டார்கள். அய்யனார் சமைப்பான். உத்திராபதி வாய் ஓயாமல் பேசுவான். ஞானசேகரனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக உப்பில்லாத சாப்பாடு.

"இந்த ஒரு தடவ கூட்டிட்டுப் போங்கடா மச்சான்" என்று அவனேதான் கேட்டான். ஒரு கல் உப்புகூட விழாது என்று அய்யனாரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கனிமொழி அனுப்பினாள்.

அய்யனார் உப்பு டப்பாவையே எடுத்து வரவில்லை. மூன்று பேருக்கும் உப்பில்லாச் சமையல் என்று முடிவெடுத்தான். (இங்கே வாசகருக்கு அவன்மேல் மரியாதை வர வேண்டும். வரட்டும், கொஞ்ச நேரம்தானே.)

3

படகுக்காரர் தேவசகாயம்* உயிரோடு எட்டு நண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

மணல்திட்டில் நல்ல தண்ணீர் கிடையாது. கொண்டுபோகும் ஒரு கேன் குடிக்க மட்டும். நண்டு அவிக்கக் கடல் தண்ணீர்தான். பத்து வருடப் பழக்கம். அய்யனாரின் கால் தானாகக் கடலுக்குப் போனது. கை தானாகக் குண்டானை முக்கி மொண்டது. பிறகு மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுப் பிரட்டினான்.

அவன் வேண்டுமென்றே—

இல்லை. மறந்துதான் போனான். உத்திராபதி தண்ணீர் மொண்டதாக ஒருமுறை மாற்றி எழுதினேன். அவன் நல்லவன், கேட்டால் ஒப்புக்கொண்டும் விடுவான். மறுநாள் கிழித்துப் போட்டேன்.

* இவர் கதைக்குத் தேவையில்லை. ஆனால் நண்டு தானாக நடந்து வந்து குண்டானில் ஏறாது.

4

ஞானசேகரன் ஒரு காலை உடைத்துச் சதையை வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தி அய்யனாரைப் பார்த்தான்.

"சப்புன்னு இருக்காடா? உப்பே போடல."

"சும்மா சொல்லக் கூடாது மச்சான், நல்லாருக்கு. இன்னொண்ணு வையி."

மூன்று நண்டு தின்றான். ஓட்டைக்கூட விடாமல் உறிஞ்சினான். கண் கலங்கியதற்கு மிளகைக் குறை சொன்னான். பரிமாறிவிட்டுக் கடைசியாகத் தன் பங்கை வாயில் வைத்தபோதுதான் கடல் தண்ணீரே உப்பு என்பது அய்யனாருக்கு உறைத்தது. உத்திராபதி தலை குனிந்துகொண்டு பேசாமல் தின்றுகொண்டிருந்தான்.

ஞானசேகரனுக்கு மூன்றாவது நண்டு இன்னும் முடியவில்லை, தட்டைப் பிடுங்கியிருக்கலாம். எட்டு மாதமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்க்கவில்லை. பிடுங்க மனம் வரவில்லை.

நாலாம் நாள் மூச்சுத் திணறி ஞானசேகரன் இறந்தான். "எப்ப வேணாலும் நடக்கக்கூடியதுதான்" என்றார் டாக்டர். எனக்கு அது போதவில்லை.

5

முடிவுக்கு வருவோம். அவனுக்கு உப்புத் தெரியவில்லை என்று முடிக்கலாம். நானே நம்ப மாட்டேன். தெரிந்தே, ஆசைக்குத் தின்றான் என்று முடித்தால், என்னைவிட நண்டு பெருசாப் போச்சா என்று கனிமொழி உடைந்துபோவாள். சமைத்தவன் மனசு நோகக் கூடாது என்று தின்றிருந்தால்—

இதற்குமேல் அய்யனாரை வைத்து எழுத முடியாது.

கனிமொழி, நீ இதைப் படிப்பாய். உப்பு போடலம்மா, கடல் தண்ணியில அவிச்சேன். வாயில வச்சதும் எனக்குத் தெரிஞ்சிடுச்சி, அப்பவும் சொல்லல. அவன் ஏன் தின்னான்னு மட்டும் எனக்குத் தெரியல. தெனமும் அவனுக்குச் சோறு போட்டவ நீ. நீயே சொல்லு.