இரண்டு கோயில்களுக்கு நடுவில் விளைந்த நிலம்

1973 பங்குனியில் மஞ்சக்கல்மேட்டின் இரண்டு பழைய கோயில்களும் ஒன்றைவிட்டு ஒன்று பதினெட்டு அடி விலகிப்போயின. கல்லில் கீறல் இல்லை, ஒரு ஓடுகூடச் சரியவில்லை. மேற்கே நூறு வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய புராட்டஸ்டண்ட் கல்கோயிலும், கிழக்கே தேயிலைத் தொழிலாளிகள் கல் சுமந்து கட்டிய மாதாகோயிலும் நின்ற இடத்திலேயே நின்றன. நடுவில் இருந்த தரைதான் கூடியிருந்தது. தேவிகுளத்துக்கு அப்பால் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊர் அது. அங்கே எது கூடினாலும் மழையால் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

கவனித்தவள் சாந்தம்மாள். முப்பத்தாறு வருஷமாகக் கொழுந்து கிள்ளுபவள். சனிக்கிழமை மாலைகளில் கல்கோயிலைக் கூட்டுகிறவள். கல்கோயிலில் தண்ணீர்க் குழாய் கிடையாது; துரைமாருக்குத் தண்ணீர் அவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. அதனால் அவள் மாதாகோயில் குழாயிலிருந்து குடம் சுமப்பாள். இருநூற்று அறுபது காலடியில் முடிகிற நடை, அந்த வாரம் இருநூற்று அறுபத்தொன்பது ஆனது. முழங்கால் தேய்ந்துவிட்டது என்று எண்ணெய் தடவினாள். அடுத்த மாதம் இருநூற்று எழுபத்தைந்து ஆனதும் மாதாகோயில் உபதேசியார் அமிர்தநாதனிடம் போய்ச் சொன்னாள்.

"உங்க கோயிலு தள்ளிப் போகுது உபதேசியாரே."

"எங்க மாதா நின்ன எடத்துல நிக்கா. ஓடுறது ஒங்க கோயிலா இருக்கும். போயி பாரு."

கல்கோயில் கமிட்டிச் செயலாளர் வேதமாணிக்கம் இதைக் கேள்விப்பட்டு, கத்தோலிக்கர் தங்கள் கோயிலைக் கடைத்தெருப் பக்கமாக நகர்த்துவதாகக் கண்டனக் கடிதம் எழுதினார். அமிர்தநாதன் பதில் எழுதினார். இரண்டு வருஷம் கடிதங்கள் போய்வந்தன. குடத்தோடு சேர்த்து அவற்றையும் சாந்தம்மாளே சுமந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முந்தைய பதிலைவிட அதிக தூரம் நடந்தாள்.

கடைசியில் சர்வேயர் காளிச்சாமி வந்தார். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். மூன்று தடவை சங்கிலி பிடித்து அளந்து, வரைபடத்தில் உள்ளதைவிட இருநூற்றுப் பத்து அடி கூடுதல் என்று எழுதியனுப்பினார். சங்கிலி சுருங்கியிருக்கலாம் என்று மேலிடத்திலிருந்து பதில் வந்தது. சங்கிலி சோதனைக்குப் போய், குற்றமில்லை என்ற சான்றிதழோடு திரும்பியது. பிறகு காளிச்சாமியின் கண்களைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவையும் சான்றிதழோடு திரும்பின.

"அளந்தது அளந்ததுதானுங்க. சங்கிலிக்கு மதம் கெடையாதுங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்த விடுமுறையில் தன் நண்பர் தாவூதைக் கூட்டிவந்தார். தாவூத் பாலக்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பம். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். இரண்டு கோயில்களுக்கும் நடுவில் நின்று, ஊர் கூடியிருக்க, பிரபஞ்சம் முழுவதும் விரிந்துகொண்டிருப்பதாக அவர் விளக்கினார். நட்சத்திரக் கூட்டங்கள் விலகுவது அவை ஓடுவதால் அல்ல, நடுவிலுள்ள வெளி வளர்வதால். வழக்கமாக இது வெகுதூரத்தில் நடக்கும், இங்கே கொஞ்சம் பக்கத்தில் நடந்துவிட்டது என்றார்.

"அப்ப எது நடு?" என்று வேதமாணிக்கம் கேட்டார்.

"நடுன்னு ஒண்ணு கெடையாதுங்க. எங்க நின்னு பாத்தாலும் நாம அசையாம நிக்கற மாதிரியும் மத்ததெல்லாம் வெலகற மாதிரியும்தான் தெரியும்."

வேதமாணிக்கம் திருப்தியாகத் தலையாட்டினார். அமிர்தநாதனும் அதே அளவு திருப்தியோடு தலையாட்டினார். அறிவியல் தங்கள் பக்கம் என்று இரண்டு கோயில்களிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார்கள்.

சாந்தம்மாள் மட்டும் ஒன்று கேட்டாள். "புதுசா வர்ற எடம் யாருக்குங்கய்யா?"

அது பாடத்தில் இல்லை என்றார் தாவூத்.

1976-இல் அவளுக்கு வேலைக்காலம் முடிந்தது. மாதக் கடைசிக்குள், தொழிலாளர் வரிசையான லயத்தில் இருந்த வீட்டைக் காலிசெய்யச் சொல்லி எஸ்டேட்டிலிருந்து தாள் வந்தது. புருஷன் எஸ்டேட் கல்லறையில் இருந்தான். பிள்ளை இல்லை. சங்கரன்கோவில் பக்கம் இருந்த தம்பிக்கு மூன்று கடிதம் போட்டாள். நான்காவதை எழுதப் பிடிக்கவில்லை. பெட்டியைக் கட்டிவைத்து அதன்மேல் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு, லயத்துப் பெண்கள் நான்கு கம்பும் தகரமும் தூக்கிவர, இரண்டு கோயில்களுக்கும் நடுவிலுள்ள புதுத்தரையில் குடிசை போட்டாள்.

அது அவசரநிலைக் காலம். ரயில்களெல்லாம் நேரத்துக்கு ஓடுவதாகச் சொன்னார்கள். மஞ்சக்கல்மேட்டில் ரயில் இல்லாததால் அங்கே குடிசையைப் பிரிக்க இரண்டு போலீஸ்காரர்களோடு அதிகாரி ஒருவர் வந்தார். நிலத்துக்கு உரியவர் கையெழுத்திட்டால் உடனே காலிசெய்து கொடுக்கலாம் என்றார். வேதமாணிக்கம் ஆவலோடு பேனாவைத் திறந்தார். தாளில், தங்கள் கோயில் பழைய இடத்திலிருந்து நகர்ந்ததால்தான் அந்த நிலம் உண்டானது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நகர்ந்த கோயிலுக்குப் பழைய பட்டயம் செல்லாது. அவர் பேனாவை மூடிக்கொண்டார். அமிர்தநாதன் பேனாவைத் திறக்கவேயில்லை. எஸ்டேட் மானேஜரைக் கேட்டார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஏக்கர்களை ஒளித்துவைத்திருந்த அவர், ஒரு அடி கூடுதல் என்றதும், அந்த மண்ணைத் தான் பார்த்ததேயில்லை என்று அதன்மேல் நின்றுகொண்டே சொன்னார்.

அதிகாரி குடிசைக்குள் உட்கார்ந்து, சாந்தம்மாள் கொடுத்த பாலில்லாத கட்டன்சாயாவைக் குடித்தபடி எழுதினார்: இப்படி ஒரு நிலம் இல்லை, ஆகவே ஆக்கிரமிப்பும் இல்லை.

"அப்ப நா இங்கனயே இருக்கலாமாய்யா?"

"இல்லாத எடத்துல இருக்கிறவங்கள நான் எப்படிம்மா வெளியேத்துறது?"

ஜீப் போன பிறகு அவள் தகரக் கதவை உள்ளேயிருந்து சாத்திப் பார்த்தாள். திறந்தாள். திரும்பவும் சாத்தினாள். பிறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, யாரும் கேட்க முடியாத இடம் என்பதால், சத்தமாகவே அழுதாள்.

மூன்று வருஷத்தில் வேலைக்காலம் முடிந்த பத்துக் குடும்பங்கள் அங்கே வந்தன. யாரும் யாரையும் நெருக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் வர வர இடமும் வந்தது. தபால்காரர் அதைப் 'புதுவெளி' என்று எழுதிப் பழகினார். 1979 சித்திரையில் சாந்தம்மாளின் கொல்லைக்கும் பக்கத்து வீட்டு அழகுத்தாயின் கொல்லைக்கும் நடுவே ஆறடித் தரை புதிதாக வந்திருந்தது. இருவரும் மண்வெட்டியோடு அங்கே போனார்கள்.

"அவரை போடுவமா, பீன்ஸ் போடுவமா?" என்றாள் அழகுத்தாய்.

அவரை போட்டார்கள்.