இன்னும் ரெண்டடி பின்னாடி

புகைப்படக்காரர் மாநாட்டின் இரண்டாம் நாள் மதியம், சேலத்து மண்டபத்திலிருந்து இரண்டு வேன்கள் சங்ககிரிக் கோட்டையைப் பார்க்கக் கிளம்பின. காலையெல்லாம் லென்ஸையும் லைட்டையும் பற்றிக் கேட்டுக் களைத்தவர்கள், மனைவிமாரோடு மலையேறும் உற்சாகத்தில் இருந்தார்கள். எடப்பாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இளஞ்செழியன் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இருட்டறதுக்குள்ள எறங்கிருவோமுங்களா?"

"ஏனுங்க, ஊட்ல அத்தனை பயமா?" என்றார் பள்ளிபாளையத்து அன்பரசு. வேனே சிரித்தது.

பயம் வீட்டில் இல்லை, கண்ணில் இருந்தது. கொஞ்ச காலமாகவே பார்வையின் ஓரங்கள் கருகிக்கொண்டு வந்தன. குழாய்க்குள் பார்ப்பதுபோல் நடுவில் உள்ளது மட்டும் தெரியும். அந்தி சாய்ந்தால் அதுவும் போய்விடும். போன பார்வை திரும்பாது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் விட்டுவந்த மனைவி வெண்ணிலாவிடம்கூட அவர் சொல்லவில்லை. கண் தெரியாதவனை நம்பி எவன் கல்யாணப் படத்தை ஒப்படைப்பான்? விஷயம் வெளியே தெரிந்த அன்றைக்கே வீட்டில் அடுப்பு அணைந்துவிடும்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மேற்கே மேகம் கன்றிக் கிடந்தது. சேலத்து சமியுல்லாவும் அவர் மனைவி அஜீஸுன்னிசாவும் மலையிலுள்ள தர்காவில் துஆ செய்துவிட்டு வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்புகளாக ஊர்ந்தன. காற்று நின்றுபோயிருந்தது. ஒரு பருந்து மட்டும் தலைக்கு மேல் வட்டமிட்டது.

"குரூப் போட்டோ ஒண்ணு எடுத்துருவோம். செழியண்ணன்தான் எடுக்கணும்" என்றார் அன்பரசு. "அவரு எடுத்த படத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் கண்ண மூடுனதில்லை."

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். இளஞ்செழியன் கேமராவை முகத்தோடு வைத்துக்கொண்டார். நடுவில் இருந்த முகங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் எல்லோரும் கேமராவுக்கு ரொம்ப நெருங்கி நிற்பதாகப் பட்டது. எத்தனையோ மணமேடைகளில் சொன்ன வார்த்தை தானாகவே வாயில் வந்தது.

"இன்னும் ரெண்டடி பின்னாடி போங்க."

போனார்கள். பெற்றவர் சொல்லைத் தட்டுகிறவனும் போட்டோக்காரர் சொல்லைத் தட்டுவதில்லை.

"ஓரத்துல நிக்கறவங்களும் அப்படியே பின்னாடி போங்க. இன்னும் கொஞ்சம்..."

கல் சரிந்தது. ஒரு பெண் அலறினாள்.

இடதுகோடியில், மதில் இடிந்துபோன இடத்தில், அஜீஸுன்னிசா நின்றிருந்தார். அன்பரசின் மனைவி மயிலம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் இந்தப் பக்கமாகவே விழுந்தார்கள். பெயர்ந்த கல் உருண்டுகொண்டே போனது. அது அடியில் மோதும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"படம் எடுக்கச் சொன்னா, ஆளையே அனுப்பி வெக்கறீங்களே!" என்றார் அன்பரசு, மனைவியைத் தூக்கிவிட்டபடியே. உயிர் திரும்பியதுபோல் எல்லோரும் சிரித்தார்கள்.

சமியுல்லா சிரிக்கவில்லை. "அவ நின்ன எடம் உங்களுக்குத் தெரியலையாண்ணே?"

"வெயிலுங்க... கண்ணு கூசிருச்சு."

சூரியன் இளஞ்செழியனின் முதுகுக்குப் பின்னால், அதுவும் மேகத்துக்குள் இருந்தது. சமியுல்லா அதைப் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு மனைவியிடம் போனார்.

மேகத்தால் இருட்டு சீக்கிரமே வந்துவிட்டது. இளஞ்செழியன் காலால் துழாவித் துழாவி இறங்கினார். ஒரு கோட்டைவாசலுக்குள் நுழைந்ததும் உலகமே அணைந்தது. முன்னால் போனவர்களின் பேச்சு தேய்ந்துகொண்டே போனது. கூப்பிட வாயெடுத்தார், கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். 'ஆஞ்சநேயா' என்று சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

காலடிச் சத்தம் திரும்பி வந்தது. பை ஒன்றின் வார் அவர் உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

"புடிச்சுக்குங்கண்ணே" என்றது சமியுல்லாவின் குரல். "நான் முன்னால போறேன். படி வந்தா சொல்றேன்."

எவன் பெண்டாட்டியைச் சாவின் விளிம்புவரை நகர்த்தினாரோ, அவனே வந்து வழிகாட்டுகிறான். திட்டியிருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். கருணைக்கு முன்னால் பொய்க்கு நிற்க இடமில்லை. ஆண்டவன் சில வேளை இப்படித்தான் மனிதனை மடக்குகிறான்.

கீழே ஒரு திருப்பத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"செழியண்ணே, ஊரு லைட்டைப் பாருங்க, கொட்டி வெச்சாப்ல!" என்றார் அன்பரசு. "எடுங்க ஒண்ணு."

இளஞ்செழியன் கேமராவைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. இப்ப மட்டுமில்ல. மேல அவங்க நின்னதும் தெரியல. கண்ணு போயிட்டே இருக்குதுங்க. தெரிஞ்சேதான் கேமராவ எடுத்தேன். தங்கச்சி, என்னை மன்னிச்சிரும்மா."

எந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. இந்தச் சேதி தனக்கு முன்பே எடப்பாடி போய்ச் சேரும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. எங்கோ இடி உருண்டது, தூறல் விழத் தொடங்கியது.

"மழை வருது" என்றார் அஜீஸுன்னிசா, மெல்ல. "அண்ணனப் பாத்துக் கூட்டிட்டு வாங்க."

வார் இழுபட்டது. "இங்கிருந்து படிங்கண்ணே. ஈரமா இருக்கு" என்றார் சமியுல்லா.

இளஞ்செழியன் இருட்டுக்குள் காலை வைத்தார்.