சம்பந்தி வீட்டு ஃபிரிட்ஜ்

ஊரில் பாதி வீட்டு ஃபிரிட்ஜுக்குக் காஸ் ஏற்றியவர் மெக்கானிக். ஆனால் மகளைக் கட்டிக் கொடுத்த இந்த மூன்று வருஷத்தில், அவர் அதிகமாக ஐஸ் வைத்தது சம்பந்திக்குத்தான். பெண்ணைப் பெற்றவனுக்குப் பல் இருப்பதே இளிப்பதற்கு என்பது அவருடைய சித்தாந்தம்.

அன்று மதியம் சம்பந்தி வீட்டுச் சமையலறையில் பழைய ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் முதுகுப்புறம் முட்டி போட்டிருந்தார். குளிரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். குழாயில் ஒரு மூட்டு கசிந்தது. சூடு காட்டி ஒட்ட வேண்டும். ஒரு கையில் தீ ஊதும் டார்ச், மறு கையில் லைட்டர்.

"அம்மாடி, அடுப்ப அணைச்சுட்டியா? வாசம் வருதே."

"நான் இன்னும் பத்தவே வெக்கலப்பா," என்றாள் மகள். "ஒரு வாரமா இப்படித்தான். மாமாகிட்ட சொன்னேன். 'உங்கப்பன் வீட்டு மூக்கு, நீளம் ஜாஸ்தி'ன்னார்."

மெக்கானிக் லைட்டரைத் தரையில் வைத்தார், தூங்கும் குழந்தையை இறக்குவது போல. ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, அந்த நீள மூக்கை மூட்டருகே கொண்டுபோனார். அடுப்பு காஸேதான்.

"சம்பந்தி!" வழக்கமான தேன் அந்தக் குரலில் இல்லை.

சம்பந்தி பல் குத்திக்கொண்டே வந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா! போன மாசம் குளிர்றது நின்னு போச்சு. உங்களக் கூப்பிட்டா, பழைய காஸ் வர்றதில்ல, மாத்து காஸ் வேறன்னு பாடம் நடத்துவீங்க. அடுப்பு ரிப்பேர்காரன் நம்ம சிலிண்டர்லேர்ந்தே பிடிச்சு ஏத்திட்டான். ஐஸ் எப்படிக் கட்டுச்சு தெரியுமா!"

"கட்டும். ஜோராக் கட்டும். அதான் என் வயித்தெரிச்சல்."

"புது ஃபிரிட்ஜுல எரியற காஸ்தான் போடறாங்களாமே?"

"போடறாங்க. அதுக்குன்னே செஞ்ச பெட்டியில, பொறி வெளிய வராத சுவிட்ச் வெச்சு, கிராம் கிராமா அளந்து, உள்ள எரியிற காஸ்னு சீட்டு ஒட்டி. இது அந்தக் காலத்துப் பெட்டி. கதவத் தொறந்தா லைட் எரியுது பாருங்க, அந்தச் சுவிட்ச்சுல ஒரு பொறி போதும். சீட்டாவது ஒட்டினீங்களா? டார்ச்ச பத்த வெச்சிருந்தேன்னா இந்நேரம் என்னைச் சுவத்துலேர்ந்து சுரண்டணும்!"

"அதான் ஒண்ணும் ஆகலையே. பதறாதீங்க சம்பந்தி."

கல்யாணத்தன்று நாற்காலி ஆடியதற்கு மன்னிப்புக் கேட்டவர் மெக்கானிக். மழை பெய்ததற்கும் கேட்டவர். அப்படி விழுங்கியதெல்லாம் இப்போது ஒரேயடியாகத் தொண்டைக்கு வந்தது.

"இந்தக் கதவ நாளைக்கு நாப்பது தடவ தொறக்கறது யாரு? நீங்களா? உங்களுக்குத் தண்ணி சோபாவுக்கே வருது. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் இது, நடுவுல எம் பொண்ணு. வாசம் வருதுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கா. நீங்க அவ மூக்க அளந்திருக்கீங்க!"

"குரல ஒசத்தாதீங்க. பொண்ணு குடுத்த இடம்."

"குடுத்தது பொண்ண. வெறக இல்ல."

ஃபிரிட்ஜை அணைத்துப் பிடித்துக் கொல்லைப் பக்கம் நகர்த்தத் தொடங்கினார். அது அசைவேனா என்றது. மகள் வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

"ஏய், என் வீட்டுச் சாமான்! எங்க கொண்டு போறீங்க?"

"காத்தோட்டமா வெச்சு காஸ எறக்க. கம்ப்ரஸரையும் கழட்டிக் கடைக்குக் கொண்டு போயிடுவேன். இல்லேன்னா நாளைக்கே அந்த அடுப்புக்காரன் திரும்ப வருவான்."

திறந்த வெளியில் குழாயைத் திறந்ததும் காஸ் விசிலடித்துக்கொண்டு போனது. அது அடங்கியபோது மெக்கானிக்கின் வீரமும் கூடவே அடங்கியிருந்தது.

"அம்மாடி, கொஞ்சம் ஓவராப் பேசிட்டேனோ? உள்ள போய் ஒரு வார்த்த மன்னிப்பு..."

"கேட்டீங்கன்னா நான் இன்னிக்கே பெட்டியக் கட்டிட்டு உங்களோட வந்துடுவேன்," என்றாள் மகள். "இந்தாங்க, ஸ்பானர்."

அவர் ஸ்பானரை வாங்கி முதல் நட்டைக் கழற்றினார்.

உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் வந்தது, கொஞ்சம் சுருதி இறங்கி. "அம்மா... ஜில்லுனு கொஞ்சம் தண்ணி..."

மகள் திரும்பவில்லை.

"குழாயில வருது மாமா. நீங்களே பிடிச்சுக்குங்க."