ரயில் விட்ட பிறகு

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். அதுவும் என்னுடையதில்லை. மாற்றுப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கைப்பேசியில் சொன்னது:

“திங்கக்கிழமையிலேர்ந்து ரயில் விடப்போறாங்களாம், நீங்க ஒண்ணும் அவசரப்பட வேணாம்.”

ஆற்றுப் பாலத்தின் தூண்களில் விரிசல் கண்டதும் எங்கள் ரயில் தடத்தை மூடினார்கள். சில வாரங்கள் என்றார்கள். பிறகு சில மாதங்கள் என்றார்கள். அதன்பின் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். வருடம் ஒன்று ஓடிப்போனது. நான் ரயிலில் உட்கார்ந்து எழுதிப் பழகியவன். பேருந்துக் குலுக்கலில் எழுதினால் என் கையெழுத்து எனக்கே பிடிபடாது. ஆகவே எழுதுவதை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டோமா என்று மனதுக்குள் சரிபார்ப்பவர்களின் முகம். எனக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: “ரயில் நின்றுபோன அன்று வானம்” — வேண்டாம். வானத்தைத் தொட்டால் ஒரு பக்கத்துக்கு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

இரண்டாவது: “பிரிவு என்பது தூரம் அல்ல, அது ஒரு” — ஒரு என்ன? தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்:

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, ஓரம் மழுக்கிப் பொருத்துவாள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம். கணவருக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை. அது நகரத்தின் மறுகோடி. பொழுது விடிவதற்குள் அவர் அங்கே இருந்தால்தான் இயந்திரங்கள் ஓடத் தொடங்கும். முதல் ரயிலைப் பிடித்துப் போய், இருட்டிய பிறகு திரும்புவார். ரயில் நின்றது. முதல் மாற்றுப் பேருந்து கிளம்பும் நேரத்துக்கு அங்கே முதல் சலவையே முடிந்துவிடும்.

ஹோட்டலுக்குப் பக்கத்தில் அவளுடைய அண்ணன் இருந்தார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அண்ணி இறந்த பிறகு தனி ஆள்.

“மாப்ள இங்கயே இருக்கட்டும் பாப்பா” என்றார் தொலைபேசியில். “பாலம் சரியாகுற வரைக்கும்தானே. வீடு சும்மாத்தான் கெடக்கு.”

பாப்பாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. அது அண்ணனுக்கு உறைக்கவே இல்லை.

3

(முதல் வரைவில் இவர்களுக்குப் பதினைந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். எடுத்துவிட்டேன். அவள் இருந்தால் மூன்றாம் வாரமே “அப்பா எப்ப வருவாரு?” என்று கேட்டுக் கதையை முடித்துவைத்திருப்பாள். இப்போது அவள் வேறொரு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரே வரியில் அனுப்பிவைத்தேன். பெற்றவர்களால் இவ்வளவு சுலபமாக முடியாது.)

கணவர் பெட்டியோடு கிளம்பிய அன்று அவளை அழவைக்கப் பார்த்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் விசிறியைத் தனக்குப் பிடித்த வேகத்தில் வைத்தாள்.

அடுத்த சில வாரங்களில் அவள் செய்தவை எல்லாமே சின்ன விஷயங்கள். வேலை முடிந்து வந்ததும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பசித்த நேரத்துக்குச் சாப்பிட்டாள். ஒரு விடுமுறை நாளில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலைத் தனி ஆளாகத் தள்ளினாள். கதவோரம் கிடந்தது ஜன்னலோரம் போயிற்று. காலை வெயில் கால்மாட்டில் விழுந்தது. இத்தனை வருடமாக இந்த வெளிச்சம் எங்கே போயிருந்தது என்று வியந்தவள், அதுவும் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது என்பதை நினைத்துக் கொஞ்சம் கோபப்பட்டாள். யார் மேல் என்று அவளுக்கும் தெரியவில்லை.

4

கணவர் முதலில் வார விடுமுறைதோறும் வந்தார். பேருந்து மாறி மாறி வந்து சேர்வதற்குள் விடுமுறையில் பாதி போய்விடும். வந்தால் சாப்பிடுவார், தூங்குவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததற்குச் சொல்ல மாட்டார். கல்யாணமான புதிதில் அதைப் பொறுமை என்று நினைத்தாள். பிறகு கோபம் என்று நினைத்தாள். அதன் பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள்.

கட்டில் இடம் மாறிய பிறகு வந்தபோது, விடிகாலையில் பழைய வழக்கத்தில் எழுந்து நடந்து முழங்காலை இடித்துக்கொண்டார். தேய்த்துவிட்டுக்கொண்டார். கட்டிலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். குளிக்கப் போய்விட்டார். “ஏன் மாத்தின?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் நன்றாகச் சண்டை போட்டிருப்பாள். அதற்கும் வழியில்லை.

வார விடுமுறை வருகை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரமானது. பிறகு மாதத்துக்கு ஒன்றானது. “பஸ்ல அலைச்சல்” என்றார் அவர். “ஆமாமா, பாவம்” என்றாள் அவள். இரண்டும் உண்மைதான்.*

* எழுத்தாளனுக்கு இதைவிடச் சங்கடம் வேறில்லை. பொய் சொல்லும் பாத்திரங்களைப் பிடித்துவிடலாம். உண்மையைச் சொல்லிக்கொண்டே நழுவுகிறவர்களை என்ன செய்வது?

5

பாலம் சரியானது. நான் பேருந்தில் கேட்ட வாக்கியம் இந்த இடத்தில் வருகிறது. அவள் சொன்னாள். அவர் “சரி” என்றார்.

திங்கள்கிழமை ரயில் ஓடியது. கடையில் வில்லையைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. கண் பரிசோதிக்கும் பெண் எட்டிப் பார்த்து, “அக்கா, ரயில் வந்துருச்சு! சார் வந்துட்டாரா?” என்றாள்.

“வருவாரு. பெட்டி கட்ட வேணாமா?”

செவ்வாய் போனது, புதன் போனது. தினமும் பேசிக்கொண்டார்கள். சாப்பிட்டாச்சா, ஆச்சு, அங்க மழையா, இல்ல. ரயில் என்ற சொல்லை இருவரும் உறங்கும் குழந்தையைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போனார்கள்.

வார இறுதியில் அண்ணன் கூப்பிட்டார்.

“பாப்பா, ரயில் விட்டது மாப்ளைக்குத் தெரியுமா?”

“அவரு ஹோட்டல்ல பாதிப் பேரு அதுலதானேண்ணே வர்றாங்க.”

“அப்ப தெரியும்.”

“தெரியும்.”

அண்ணன் தொண்டையைச் செருமினார். “நான் அவருகிட்ட ஒண்ணும் கேக்கல. போங்கன்னும் சொல்லல, இருங்கன்னும் சொல்லல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்.”

6

[இங்கே அவளை ஒரு வாரம் யோசிக்கவிடும் பத்தி இருந்தது. தூக்கிவிட்டேன். யோசிக்கிற பெண் அல்ல அவள். வில்லை பொருந்துமா என்பதைச் சட்டத்தில் வைத்துப் பார்ப்பவள்.]

விடுமுறை அன்று யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினாள். பாலத்தைக் கடக்கும்போது எல்லாரும் எட்டி ஆற்றைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். வழக்கமான ஆறுதான்.

அண்ணனின் வீடு மாடியில். படியேறும்போதே ஒரு குரல் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அண்ணனிடம் கார் பழக வந்த யாரோ என்று நினைத்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

பேசிக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர்.

“அப்படி இழுத்தா வராது மச்சான். இது எலாஸ்டிக் வெச்ச விரிப்பு. மொதல்ல இந்த மூலைய அந்த மூலைக்குள்ள நுழைக்கணும். கைய உள்ள விடுங்க. உள்ள விடுங்கங்கறேன்! நீங்க எப்படித்தான் ஊருக்கெல்லாம் ரிவர்ஸ் எடுக்கக் கத்துக் குடுக்கறீங்களோ.”

“ரிவர்ஸுக்குக் கண்ணாடி இருக்கு மாப்ள. இதுக்கு மண்டை எது, வால் எதுன்னே தெரியல.”

“எங்க கூடத்துல ஒருத்தன் இப்படித்தான், விரிப்புக்குள்ளயே சுத்திக்கிட்டான். அவன உருவி எடுக்கறதுக்குள்ள—”

கணவர் சிரித்தார், வயிறு குலுங்க. இந்தச் சிரிப்பு அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் கதவருகில் நின்றாள். கண்ணாடி போட்டுக்கொண்ட முதல் நாளில் சிலர் இப்படித்தான் கடை வாசலில் நிற்பார்கள், தெருவில் இவ்வளவு இருக்கிறதா என்று.

அவர் திரும்பினார். அவளைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது.

அந்த நிற்றல்தான் அவளுக்கு வலித்தது. (விலகி நின்று சொல்வதாகத்தான் எண்ணம். ஆனாலும் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.)

7

அண்ணன், “வா பாப்பா” என்றார், “பால் வாங்கிட்டு வரேன்” என்றார், விரிப்பை அப்படியே மாப்பிள்ளையின் தோளில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்.

“இவ்வளவு பேசுவீங்களா நீங்க?”

அவர் விரிப்பை மடித்தார். அதற்கு அவருக்குக் கண் தேவையில்லை. “வீட்டுக்கு வந்து சேர்றப்ப வாயைத் தொறக்கவே தெம்பு இருக்காது. எல்லாம் வண்டியிலயே போயிடும். நீ அதைக் கோவம்னு எடுத்துக்கிட்ட. விளக்கிச் சொல்லவும் தெம்பில்ல. அப்படியே விட்டுட்டேன்.”

“கட்டில மாத்திப் போட்டேனே, அதுக்காவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.”

“நல்லாத்தான் இருந்துது. வெளிச்சம் வருது.”

“அதைச் சொன்னா என்ன?”

“நான் இல்லாததுனாலதானே மாத்தின. அதை எப்படிப் பாராட்டறது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். “அவசரப்பட வேணாம்னு சொன்னேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல நீங்க.”

“கேட்டா பதில் சொல்லிடுவியே” என்றார் அவர்.

அண்ணன் பாலோடு வந்தார். மூன்று பேருக்கு வேண்டியதைவிட நிறையவே வாங்கியிருந்தார். அதைக் காய்ச்ச வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: “கூட்டிட்டுப் போ பாப்பா. எனக்கென்ன, நான் பாத்துக்குவேன்.” அண்ணி போன பிறகு அவர் நேரத்துக்குச் சாப்பிட்டது இந்த ஒரு வருடம்தான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் வீடு திரும்புகிறார். முதல் ரயில், இருட்டிய பிறகு வீடு, தூக்கம். ஊர் மெச்சும். ஒரு மாதத்தில் பேச்சு பழையபடி வண்டியில் தங்கிவிடும். அண்ணன் நின்றுகொண்டே சாப்பிடுவார்.

அல்லது அவர் இங்கேயே இருக்கிறார். அவள் விடுமுறைக்கு வந்து போகிறாள். இப்படியும் வாழலாம்தான். ஆனால் ரயில் இல்லாதபோது அதற்குப் பெயர் சிரமம். ரயில் ஓடும்போது சொந்தக்காரர்கள் வேறு பெயர் வைப்பார்கள். விடுதியிலிருந்து மகளும் கேட்பாள் (அவளை எடுத்துவிட்டதாக நினைத்தேன்).

அல்லது: “அவள் கடை முதலாளியிடம் போய், வேலையை” — இல்லை. அந்த ஜன்னலிலிருந்து அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எதை எழுதினாலும் ஒருவர் கையில் வெறும் தட்டு.

9

மாலையில் இருவரும் நிலையத்துக்கு நடந்தார்கள். அவர் கையில் பெட்டி இருந்ததா என்று கேட்பீர்கள். இருக்கிற மாதிரியும் எழுதினேன், இல்லாத மாதிரியும் எழுதினேன். இரண்டிலும் அவர்கள் ஒரே மாதிரிதான் நடந்தார்கள், இடையில் ஓர் ஆள் நடக்கும் இடைவெளி விட்டு.

நடைமேடையில் உட்கார்ந்தார்கள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

“போன வாரம் ஒரு அம்மா தங்க வந்துச்சு. எங்க ஹோட்டல் தலையணை எதுவும் சரியில்லன்னு வீட்டுலேர்ந்து சொந்தத் தலையணையைக் கொண்டு வந்துருக்கு. நம்ம பசங்க என்ன பண்ணாங்க, அதையும் சேத்து அள்ளி வெந்நீர்ல போட்டுட்டாங்க.”

“ஐயையோ.”

“வெளிய எடுத்தா, இத்தனூண்டு ஆயிருக்கு. உள்ளங்கையில வெச்சுக்கலாம். நான் அதைத் தட்டுல வெச்சு, மேல துணி போட்டு மூடி, அந்த அம்மா ரூமுக்கு எடுத்துட்டுப் போறேன்...”

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். அவர் கைகளால் தலையணையின் அளவைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கதவைத் திறந்து என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கில்லை. என் வேலை இங்கே முடிகிறது. அவரை ரயிலில் ஏற்றிவிடுவதோ இங்கேயே உட்காரவைப்பதோ இனி உங்கள் பாடு. ஆனால் எதைச் செய்வதானாலும் கொஞ்சம் பொறுங்கள்.

“அப்புறம்?” என்கிறாள் அவள்.