ஸ்டேஷன் எங்கே, மாப்பிள்ளை?

ரயில் பாதை போடும் அலுவலகத்தில் எனக்கு வரைபட வேலை. வரைபடத்துக்கு ஈவு இரக்கம் கிடையாது. புதுப் பாதையின் கோடு என் மாமியார் வீட்டு முன்கூடத்தின் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

பாதை தரைமேல் வந்தால் கூடம் இடிபடும். சுரங்கமாகப் போனால் ஒரு செங்கல் அசையாது. முடிவெடுக்கும் குழுவிலிருந்து, சொந்தக்காரர் வீடு என்று எழுதிக் கொடுத்து ஒதுங்கிவிட்டேன். ஆனாலும் சுரங்கம்தான் வர வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் கூடம் என் மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டியது. அத்தை முதன்முதலாக என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மகளிடம் "இவரா?" என்று கேட்டதும் அங்கேதான்.

"அம்மா வீட்ல ஒரு செங்கல் போச்சு, அப்புறம் நீங்க நம்ம வீட்டுக்கு வராதீங்க" என்று என் மனைவி உத்தரவு போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு வழிகளின் படங்களையும் அத்தையிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படங்கள் சுருளாமலிருக்க ஓரத்தில் உப்பு ஜாடியைத் தூக்கி வைத்தார்.

"சுரங்கம் வந்தா உங்களுக்குத் தொந்தரவே இல்ல, அத்தை. கீழ வண்டி போறதே தெரியாது."

மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"மேல வர்ற படத்துல நம்ம தெருவுக்கு ஸ்டேஷன் இருக்கு. இதுல ஸ்டேஷன் எங்கே, மாப்பிள்ளை?"

"பூமிக்கு அடியில ஸ்டேஷன் கட்ட செலவு ஜாஸ்தி. அதனால இங்க கிடையாது."

"நிக்காமலே போயிடுமா?"

"ஆமா."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. திருப்தியாகிவிட்டது என்று நினைத்தேன். என் மண்டைக்கு எட்டியது அவ்வளவுதான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மக்கள் கருத்துக் கூட்டம். தெருவே ஒரே குரலில் சுரங்கம் கேட்டது. என் மனைவி கை வலிக்கக் கைதட்டினாள். அப்போது அத்தை எழுந்து மைக்கை வாங்கினார்.

"எங்க கூடத்தை எடுத்துக்குங்க. வண்டி மேலயே வரட்டும். ஆனா, நம்ம தெருவுல நிக்கணும்."

என் மனைவி துள்ளி எழுந்தாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? அது அப்பா கட்டினது!"

"நாலு பேர் வந்து உக்காரத்தான் கட்டினார். நீ ரெண்டு பஸ் மாறி, அலுத்துப்போய், மாசத்துக்கு ஒரு தடவை வர்றே. வந்தாலும் கடிகாரத்தையே பாக்குறே."

மண்டபம் சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை, மெல்ல உட்கார்ந்தாள்.

"அப்போ சுரங்கத்துக்கு ஸ்டேஷனே இல்லையா?" என்றார் மளிகைக்கடைக்காரர். "யாரும் சொல்லவே இல்லையே!" அதோடு கூட்டத்தின் பேச்சே திசை மாறியது. குழுவும் கடைசியில் தரைவழியையே எடுத்தது.

இப்போது அத்தை வீடு சமையலறையிலிருந்து தொடங்குகிறது. சன்னலுக்கு எதிரே பிளாட்பாரம். வண்டி வந்தால் டம்ளரெல்லாம் கிடுகிடுக்கும். அத்தை திட்டுவதை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். என் மனைவி டியூட்டி முடிந்ததும் நேரே இங்கேதான் வந்து இறங்குகிறாள். எங்கள் வீட்டுக் கதவில் பூட்டைப் பார்த்து, நானும் பின்னாலேயே வண்டி ஏறிவிடுகிறேன்.

நேற்று மூன்று பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டோம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"கூடம் இருந்திருந்தா தாராளமா உக்காந்திருக்கலாம், இல்ல அத்தை?"

"தாராளமாத்தான் இருந்தது. நான் ஒருத்தியா உக்காந்து பாத்துட்டேன், மாப்பிள்ளை. கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவளுக்குக் கை இடிக்குது."

நான் தள்ளி உட்கார்ந்தேன். என் மனைவி கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, தட்டோடு நகர்ந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.