முன்பக்கம் மாட்டிய பம்ப்

பழைய ரேஸ் காரின் பானெட்டைத் திறந்தால் முதலாளியின் கண் நேரே கார்புரேட்டர்களுக்குத்தான் போகும். இரண்டும் பளிச்சென்று மின்னும். சின்ன சகலையின் கைவேலை.

"கலக்கிட்டப்பா!" என்பார். பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கும் பெரிய சகலைக்கு வயிறு எரியும். அக்காளைக் கட்டியவன் இவன், தங்கையைக் கட்டியவன் அவன். ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே சம்பளம். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயத்துக்குக் காரோடு ஒரு மெக்கானிக்தான் போகலாம்.

"தங்கச்சி வீட்டுக்காரர் போறாராம்ல? அவ இப்பவே சட்டை தேய்ச்சு வச்சிட்டா," என்றாள் அன்றிரவு பெரிய சகலையின் மனைவி.

"ஏன், நான் போகக்கூடாதா?"

"போங்களேன். யாராவது கூப்பிடணும்ல?"

மறுநாள் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் வந்தது. மாட்டும் வேலை பெரிய சகலைக்கு. பின்னால், டேங்குக்குப் பக்கத்தில் தாழ்வாக மாட்ட வேண்டிய சாமான் அது. பெட்ரோலை நன்றாகத் தள்ளும். தூரத்திலிருந்து உறிஞ்சத் திராணி கிடையாது. அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த இருட்டில் மாட்டினால் எந்த மகராசன் குனிந்து பார்ப்பான்? முன்னால், கார்புரேட்டர்களுக்குப் பக்கத்திலேயே மாட்டினான். கிளாம்ப்பைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கினான்.

சின்ன சகலை எட்டிப் பார்த்தான். "அண்ணே, இங்க சூடேறுமே..."

"நீ உன் வேலையப் பாரு."

எதிர்மேட்டில் முதலாளி ஓட்டிப் பார்த்தார். பாதி ஏறியதும் கார் இருமி நின்றது. இன்ஜின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறுமனே அலறியது. இரண்டு சகலைகளும் ஓடினார்கள்.

"என்னய்யா இது?"

"என் தப்பு சார்," சின்ன சகலை முந்திக்கொண்டான். "கார்புரேட்டர் செட்டிங் கொஞ்சம் பிசகிடுச்சு."

முதலாளி அவன் தோளில் கை போட்டார். "தப்ப ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும்பா."

பெரிய சகலைக்குத் தாங்கவில்லை. பாராட்டுதான் அவனுக்கு. நான் செய்த தப்புக்குமா அவனுக்குப் பேர்?

"அவன் கிழிச்சான்! பம்ப மாட்டினது நான் சார். தப்பான இடத்துல மாட்டினதும் நான்தான். அவனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

முதலாளி முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "தெரிஞ்சே ஏன்யா அங்க மாட்டின?"

அவன் குனிந்து கிளாம்ப்பைக் கழற்ற ஆரம்பித்தான்.

சாயங்காலம் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். டேங்குக்குப் பக்கத்தில் ரப்பர் வைத்துப் பம்பை மாட்டினான். கண்ணெதிரே இரண்டு ஜோடி செருப்புகள்.

"ஞாயித்துக்கெழம நீ வந்துடுப்பா."

"அண்ணன் வரட்டுமே சார்."

"அவன் வேணாம். நீ வா."

கடைசி போல்ட்டில் ஸ்பேனர் நின்றது. இதை மட்டும் லேசாக விட்டுவிட்டால்? மேட்டில் பம்ப் கழன்று தொங்கும். தொங்கினால், 'என் தப்பு சார்' என்று அதற்கும் அவனே பேர் வாங்கிக்கொள்வான்.

பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்க இறுக்கினான்.