எல் பாசோவில் தோற்றவர்

விழாப் புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தில், பட்டம் வென்றவர்கள் பட்டியலில், ‘எல் பாசோவில் தோற்றார்’ என்று தன் பேருக்கு நேரே இருந்த வரியில் வெர்னல் ஸ்டக்கியின் விரல் நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை.

டோத்தன் ஊர்ச் சந்தைத் திடலின் தகரக் கொட்டகை. மதிய வெயில், பொரித்த கெளுத்தி மீன் வாசனை. முப்பது வருடம் மல்யுத்தக் காட்சி நடத்திய முதலாளி கோல்மன் ராட்லிஃப் தனக்குத் தானே எடுத்துக்கொண்ட விழா. புத்தக அட்டையில் தங்க எழுத்து: ‘வளைகுடாக் கரைப் பட்டத்தின் மகத்தான வரலாறு.’ அது இரண்டாம் பட்டம். முதல் பட்டம் முகவெட்டு உள்ளவனுக்கு. அவனை வலிக்காமல் தூக்கி வீச வேலை தெரிந்தவன் ஒருவன் வேண்டுமே, அவனுக்கு இரண்டாவது. வெர்னல் பதினொரு மாதம் வைத்திருந்தார்.

எண்பத்தாறில் முழங்கால் உடைந்து அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டெலிவிஷனில் அந்தப் பட்டத்துக்கான பெல்ட் கோல்மனின் மருமகன் டிராய்ஸின் இடுப்பில் இருந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் எல் பாசோவில் வெர்னலை வீழ்த்தி வென்றானாம். வெர்னல் அந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை. அதை மைக்கில் வாசித்த அறிவிப்பாளன் நான். குரல் நடுங்கவில்லை, சம்பளம் வாங்கும் குரல் நடுங்காது.

எல்லாமே பேசிவைத்த சண்டை, இதிலென்ன மானம் என்பீர்கள். எங்களிடம் ஒரு முறை உண்டு. பட்டத்தை விடுகிறவன், அடுத்தவனுக்காக மல்லாந்து படுத்து, தோள் தரையில் படிய, நடுவர் மேடையை அறைந்து மூன்று எண்ணவிட்டுத்தான் போவான். அது பறிப்பதல்ல, அவன் கொடுப்பது; மூன்றாவது அறை விழும்வரை பட்டம் அவனுடையதுதான்.

வெர்னல் தடியூன்றி கோல்மனின் மேசைக்குப் போனார். பட்டியலில்தான் பேர் இருக்கிறதே, பழசைக் கிளறாதே என்று கோல்மன் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார்.

“தோத்துக் குடுன்னு சொல்லியிருந்தா கட்டுப் போட்ட காலோட வந்து படுத்திருப்பேன் கோல்மன். நீ கேக்கவே இல்லையே.”

“மாப்பிள்ளைக்கு அவசரம்யா,” என்று சொல்லிவிட்டு, கோல்மன் கூடச் சிரிக்க ஆள் தேடினார். வழக்கம்போல் நான் சிரித்தேன்.

வெர்னல் என் பக்கம் திரும்பினார். “எல் பாசோல அன்னிக்கு மழையாடா? நீதானே பாத்த மாதிரி சொன்ன.”

கொட்டகை நடுவே மல்யுத்த மேடை. அதில் தொப்பைக்குக் குறுக்கே பெல்ட்டைப் பிடித்து டிராய்ஸ் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வெர்னல் மடங்காத காலை இழுத்துக் கயிற்றுக்கடியில் நுழைந்தார். நடு மேடையில் மல்லாந்து படுத்தார்.

“முப்பத்து மூணு வருஷமா பட்டம் எங்கிட்டதான் இருக்கு. வா, முறையா வாங்கிக்க.”

மேலே சாய்ந்து அழுத்தி இப்போது வாங்கினால், எல் பாசோவில் வென்றது பொய்யாகிவிடும். டிராய்ஸ் மாமனாரைப் பார்த்தான். மாமனார் தட்டைப் பார்த்தார்.

யாரும் வராததால் வெர்னலே உள்ளங்கையால் மேடையை ஓங்கி அறைந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவதற்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.